‘மெத்தனம்’ என்று குறிப்பாணை வந்திருக்கிறது, என்ன பதில் எழுதுவது?

வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதியோர் உதவித்தொகை மனுக்களைக் கவனிக்கும் பிரிவு அவருடையது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்த மனுக்களில் 23 மனுக்கள் முடிக்கப்படாமல் இருந்தன. இடையில் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டிருக்கிறார், அதன்பின் மூன்று வாரம் மருத்துவ விடுப்பு. திரும்பி வந்தபோது ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவரின் பிரிவையும் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். நாளிதழ் ஒன்றில் “அதிகாரிகள் மெத்தனம், முதியோர் அவதி” என்று செய்தி வந்த மறுவாரமே கைக்கு 17(ஆ) குறிப்பாணை, அதாவது அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(ஆ) விதிப்படி விளக்கம் கேட்கும் குற்றச்சாட்டு ஆணை, வந்துவிட்டது. குற்றச்சாட்டு ஒரே வரி: “மனுக்கள் மீது உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்காமல் மெத்தனப் போக்குடன் செயல்பட்டு, கடமையுணர்விலிருந்து தவறியமை.” பதில் தர 15 நாள் அவகாசம்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மெத்தனம் என்றால் மென்மை, சாந்தம் என்றுதான் பழைய அகராதியில் இருக்கிறது, “மென்மையாக நடந்ததற்கா தண்டனை?” என்று எழுதி, அகராதிப் பக்கத்தையும் பதிலோடு இணைக்கச் சொல்கிறார். அலுவலக நண்பர்கள் “மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் கொடு, முடிச்சுடுவாங்க” என்கிறார்கள். உறவினர் ஒருவர், இது போலீஸ் வழக்காகிவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறார். விதிகளில் ‘மெத்தனம்’ என்ற சொல்லே கிடையாது, ஆகவே குறிப்பாணை செல்லாது, நேரே உயர் நீதிமன்றம் போகலாமா என்பது வாசகியின் கேள்வி.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது போலீஸ் வழக்காகாது. உங்கள் உறவினர் மனத்தில் இருப்பது, விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் தவறாமல் வரும் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி” என்ற தொடராக இருக்கலாம். கவனக்குறைவான செயலால் உயிர் போனால் அது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304அ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. கோப்பு தேங்கியதற்கு அந்தப் பிரிவு எதுவும் வராது. உங்களுடையது துறை நடவடிக்கை மட்டும்தான். அதற்காக அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 17(அ) சிறு தண்டனைகளுக்கான வழி. 17(ஆ) பணிநீக்கம் வரை போகக்கூடிய பெரும் தண்டனைகளுக்கான வழி. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயரைத் தள்ளிவைப்பார்கள்.

அப்பா சொல்வது தப்பில்லை, ஆனால்

சொல்லைப் பொறுத்தவரை உங்கள் அப்பா பக்கம்தான் நான். மெத்தனத்தின் வேர் ‘மெல்’. மெத்தென்று இருக்கிறது என்கிறோமே, படுக்கும் மெத்தை இருக்கிறதே, எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். தெலுங்கில் ‘மெத்தன’ என்றால் இன்றும் மிருது என்றுதான் பொருள். (“மெத்தப் படித்தவர்” என்பதில் உள்ள ‘மெத்த’ வேறு, அது ‘மிக’ என்ற பொருளில் வருவது. இரண்டையும் ஒன்றாக்கி, மெத்தனம் என்றால் மிதமிஞ்சிய அலட்சியம் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. நம்பாதீர்கள்.) மிருதுவாக இருப்பதிலிருந்து சாந்தம், சாந்தத்திலிருந்து நிதானம், நிதானத்திலிருந்து மந்தம், மந்தத்திலிருந்து அக்கறையின்மை என்று பொருள் படிப்படியாக இறங்கியிருக்கிறது. கடைசிப் படி மட்டும்தான் இன்று புழக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் அகராதி காட்டுவது மேல் படி. உங்கள் ஆட்சியர் நிற்பது கீழ்ப் படி.

ஒரு சொல் நூறு வருடத்துக்கு முன் என்ன பொருள் தந்தது என்று விசாரணை அலுவலர் பார்க்க மாட்டார், எழுதியவரும் படித்தவரும் இன்று என்ன புரிந்துகொண்டார்கள் என்றுதான் பார்ப்பார். அகராதிப் பக்கத்தை இணைத்தால், குற்றச்சாட்டைக் கிண்டல் செய்கிறீர்கள் என்ற எண்ணம்தான் மிஞ்சும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அவர் வேறொரு விதத்தில் உங்களுக்கு உதவியிருக்கிறார். இந்தச் சொல்லை இன்று எங்கெல்லாம் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் யாரும் பிள்ளையைப் பார்த்து “மெத்தனமா இருக்காதே” என்று திட்டுவதில்லை. அங்கே அசட்டை, ஏனோதானோ, சோம்பேறித்தனம் எல்லாம் இருக்கின்றன. மெத்தனம் பெரும்பாலும் அலுவலகத்துக்கும் அதிகாரத்துக்கும் ஒட்டிக்கொண்ட சொல். நகராட்சி மெத்தனம், மின்வாரியம் மெத்தனம், அதிகாரிகள் மெத்தனம். இன்னோர் இடமும் உண்டு. வெற்றி உறுதி என்று மெத்தனமாக இருந்துவிடாதீர்கள் என்று தேர்தலுக்கு முன் தலைவர்கள் தொண்டர்களுக்குச் சொல்வார்கள். இரண்டிலும் ஒரு பொது அம்சம்: செய்ய வேண்டியது என்னவென்று தெரியும், செய்ய வசதியும் இருக்கிறது, இருந்தும் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்று சும்மா இருப்பது.

அப்படியானால் மெத்தனம் ஒரு மனநிலையைச் சொல்கிறது. தெரியாமல் விட்டவரையும், முடியாமல் விட்டவரையும், ஆளே இல்லாத நாளில் தேங்கியதையும் அந்தச் சொல்லுக்குள் அடைக்க முடியாது. வள்ளுவரே இவற்றைத் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். “நெடுநீர் மறவி மடிதுயில்” என்று 605-ஆம் குறளில் தள்ளிப்போடுவது வேறு, மறதி வேறு, சோம்பல் வேறு. பொச்சாப்புக்கு, அதாவது மறதிக்கு, ஓர் அதிகாரம், மடிக்கு, அதாவது சோம்பலுக்கு, ஓர் அதிகாரம். குறளைப் பதிலில் எழுதச் சொல்லவில்லை! 23 மனுக்களில் எது எந்த ரகம் என்று பிரிக்கும் வேலையைத்தான் நீங்கள் செய்யப் போகிறீர்கள்.

விதியில் அந்தச் சொல் இல்லையே?

இல்லைதான். அதனால் குறிப்பாணை செல்லாமல் போகாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன் 20-ஆம் விதி, ஒவ்வோர் ஊழியரும் எப்போதும் நேர்மையோடும் கடமையில் ஈடுபாட்டோடும் இருக்க வேண்டும் என்கிறது. ‘கடமையுணர்விலிருந்து தவறியமை’ என்று உங்கள் குறிப்பாணையில் உள்ள வால்பகுதி அங்கிருந்து வந்ததுதான். ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 8-ஆம் விதியிலும் கவனக்குறைவு வருகிறது. ஊழியரின் கவனக்குறைவாலோ உத்தரவை மீறியதாலோ அரசுக்குப் பண இழப்பு நேர்ந்தால், ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்வது அங்கே ஒரு தண்டனை. ஆக, சட்டத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. தமிழில் குறிப்பாணை தயாரிக்கும்போது ஒருவர் கவனக்குறைவு என்பார், ஒருவர் அலட்சியம் என்பார், இன்னொருவருக்கு அன்றைய நாளிதழ்த் தலைப்பு கைகொடுக்கும். உங்கள் விஷயத்தில் மூன்றாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. மெத்தனம் ஓர் அபிப்பிராயம். குற்றச்சாட்டு என்றால் அதில் சம்பவம் இருக்க வேண்டும். எந்த மனு, எந்தத் தேதியில் உங்கள் மேசைக்கு வந்தது, எந்தத் தேதிக்குள் என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்யவில்லை? தெளிவில்லாத குற்றச்சாட்டை வைத்து ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சூரத் சந்திர சக்கரவர்த்தி வழக்கிலேயே சொல்லிவிட்டது. 2011-இல் அனில் கிலுர்கர் என்ற வங்கி ஊழியரின் வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. உங்களுக்கு வந்த ஒரு வரிக்குப் பின்னால் குற்றச்சாட்டு விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என்று இணைப்புகள் இருக்க வேண்டும். இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

எந்தத் தாமதம் குற்றம்?

இந்தக் கேள்விக்கு நாங்கள் எப்போதும் போய் நிற்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. 1960-இல் அசாமில் மொழிக் கலவரம் நடந்தபோது நவ்காங் மாவட்டத்தின் துணை ஆணையராக, அதாவது நம் ஊர்க் கணக்கில் ஆட்சியராக, இருந்தவர் ஜே. அகமது. எச்சரிக்கை வந்தும் முன்னேற்பாடு செய்யவில்லை, தலைமைப் பண்பு காட்டவில்லை, கலவர இடங்களுக்கு நேரில் போகவில்லை என்று அவர்மீது குற்றச்சாட்டு. நம் நாளிதழ்கள் எழுதினால் ‘ஆட்சியர் மெத்தனம்’ என்றுதான் தலைப்பு வைத்திருக்கும். அவரைப் பணியிலிருந்து நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1979-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. திறமைக் குறைவு வேறு, நடத்தைக் கேடு வேறு என்றது நீதிமன்றம். வேலையில் நேரும் சாதாரணக் குறை, கணிப்புப் பிழை இவையெல்லாம் தண்டிக்கத்தக்க நடத்தைக் கேடு ஆகிவிடாது. ஆனால் விளைவு ஈடுசெய்ய முடியாததாக இருந்து, அது நேரடியாக அந்தக் கவனக்குறைவால் வந்திருந்தால் கதை மாறும். காவல் பணியில் தூங்கி எதிரியை உள்ளே விட்ட காவலாளி, ரயில் நிற்கும் தண்டவாளத்திலேயே இன்னொரு ரயிலுக்குச் சிக்னல் கொடுத்தவர், தசையில் போட வேண்டிய ஊசியை நரம்பில் போட்டு உயிரைப் போக்கிய செவிலியர் என்று தீர்ப்பே உதாரணம் தருகிறது.

உங்கள் 23 மனுக்கள் அந்த வரிசையில் வராது. இது உங்களுக்குப் பலம். ஆனாலும் உங்கள் கடிதத்தில் “இதெல்லாம் எல்லா ஆபீஸிலும் நடக்கிற சின்ன விஷயம்” என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பதிலில் எழுதிவிடாதீர்கள், முடிந்தால் நினைக்கவும் வேண்டாம். 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகையை நம்பி மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் அந்த மனுதாரர்கள். அவர்களுக்கு நான்கு மாதம் சின்ன விஷயமாக இருக்காது.

“கோப்பு மேசை மேசையாகப் போனதால் தாமதம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் உதவாது. அந்தச் சமாதானத்தை அரசு சொன்னபோதே நீதிமன்றம் ஏற்கவில்லை. 2012-இல் தபால் துறை 427 நாள் தாமதமாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, அலுவலக நடைமுறையில் கோப்பு தேங்கியது என்று காரணம் சொன்னது. லிவிங் மீடியா நிறுவனத்துக்கு எதிரான அந்த வழக்கில், தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். கீழே உள்ள உதவியாளரை மெத்தனம் என்று கேட்கும் அரசு, நீதிமன்றத்தில் அதே பேச்சைத் தானும் கேட்டுக்கொள்கிறது என்பது எங்கள் வட்டாரத்தில் பழைய நகைச்சுவை. உங்களுக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: தேதியில்லாத காரணம் எடுபடாது.

மன்னிப்புக் கடிதமும் உயர் நீதிமன்றமும்

நண்பர்கள் சொல்லும் இரண்டு வரி மன்னிப்பு ஆபத்தானது. “பணிச்சுமையால் தாமதம் ஏற்பட்டது, மன்னிக்க வேண்டுகிறேன்” என்று எழுதிக் கொடுத்தால், குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார் என்று பதிவாகும். அதற்கப்புறம் விசாரணைக்கே அதிக வேலை இருக்காது, தண்டனை எவ்வளவு என்பது மட்டும்தான் மிச்சம். 17(அ) குறிப்பாணையில் சிலர் இந்த வழியில் ஒரு கண்டனத்தோடு தப்பித்திருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கும் சொல்கிறார்கள். உங்களுக்கு வந்திருப்பது 17(ஆ).

உயர் நீதிமன்றம் போவது எதிர்த்திசையில் உள்ள அவசரம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்த கட்டத்திலேயே நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. குனிசெட்டி சத்யநாராயணா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகச் சொன்னது: குறிப்பாணையால் இன்னும் யாருடைய உரிமையும் பறிபோகவில்லை, பதிலைப் பார்த்துவிட்டு அதிகாரி கைவிடவும் செய்யலாம். அதிகாரமே இல்லாதவர் கொடுத்த குறிப்பாணை போன்ற அரிதான நிலைகள்தான் விதிவிலக்கு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இப்போது போனால் பணமும் மாதங்களும் செலவாகி, “முதலில் பதில் கொடுங்கள்” என்ற உத்தரவோடுதான் பெரும்பாலும் திரும்ப வேண்டியிருக்கும்.

பதிலை எப்படி எழுதுவது

முதல் வேலை, 15 நாள் முடியும்வரை காத்திருக்காமல் ஆவணங்களைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுப்பது. உங்கள் தன்பதிவேடு (உங்களிடம் வந்த தாள்களையும் அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையையும் குறிக்கும் பதிவேடு), பணிப் பங்கீட்டு ஆணை, தேர்தல் பணி ஆணை, விடுப்பு ஆணை, விடுப்பில் இருந்தபோது உங்கள் பிரிவை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்ற ஆணை, கூடுதல் பொறுப்பு ஆணை, 23 மனுக்களின் நகல். அவற்றைப் பார்வையிடும்வரை கூடுதல் அவகாசம் வேண்டும் என்றும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். ஒப்புகை வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் 23 மனுக்களுக்கும் 23 வரி. மனு வந்த தேதி, கிராம நிர்வாக அலுவலரின் கள அறிக்கைக்கு அனுப்பிய தேதி, அறிக்கை திரும்பிய தேதி, அந்த நாளில் நீங்கள் இருக்கையில் இருந்தீர்களா, துணை வட்டாட்சியருக்கு எப்போது வைத்தீர்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில், 14 மனுக்கள் கள அறிக்கையே வராதவை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கே அந்த வரியில்தான் இருக்கிறது! அந்த 14-க்கும் நினைவூட்டு அனுப்பினீர்களா என்பதுதான் அடுத்து வரப்போகும் கேள்வி. அனுப்பியிருந்தால் தேதியைக் குறிப்பிடுங்கள். அனுப்பவில்லை என்றால் அந்த இடத்தில் மௌனமாக இருங்கள், அனுப்பியதாக எழுதிவிடாதீர்கள். பதிவேட்டில் இப்போது பின்தேதியிட்டு எதையும் சேர்க்கவே கூடாது. இப்போது இருப்பது தாமதம் பற்றிய புகார். ஆவணத்தைத் திருத்தினால் நேர்மை பற்றிய புகாராகிவிடும், அங்கே அகமது தீர்ப்பு காப்பாற்றாது.

மீதி 9 மனுக்கள் உங்கள் மேசையில் இருந்தவை. அவற்றில் விடுப்பிலும் தேர்தல் பணியிலும் போன நாட்களைக் கழித்துவிட்டு, நிஜமாக எத்தனை நாள் உங்களிடம் சும்மா இருந்தன என்று பாருங்கள். ஒன்றிரண்டில் உங்கள் பக்கம் குறை இருக்கலாம். இருந்தால் அந்த மனுவை மட்டும் குறிப்பிட்டு, இரண்டு பிரிவு வேலையில் அது பின்தங்கியது, இன்ன தேதியில் முடித்துவிட்டேன் என்று எழுதுவதில் தவறில்லை. “மெத்தனமாக இருந்தேன்” என்று மட்டும் எந்த இடத்திலும் எழுதாதீர்கள். குற்றச்சாட்டைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் “மெத்தனம் என்று சொல்லப்படுவதை மறுக்கிறேன், அதற்கு அடிப்படையான சம்பவங்கள் குற்றச்சாட்டில் தரப்படவில்லை” என்று தொடங்குங்கள். கூடுதல் பொறுப்பு கொடுத்தபோது இரண்டையும் சமாளிக்க முடியவில்லை என்று மேலதிகாரிக்கு எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. வாய்மொழியாகத்தான் சொன்னீர்கள் என்றால், யார் முன்னிலையில் என்று குறித்து வையுங்கள்.

பதிலின் முடிவில், வாய்மொழி விசாரணையும் நேரில் கேட்கப்படும் வாய்ப்பும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். 17(ஆ) விதி தரும் உரிமை அது, கேட்காமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் அதிகம். விசாரணை நடந்தால், முடிவு எடுக்கும் முன் விசாரணை அறிக்கையின் நகலை உங்களுக்குத் தந்து கருத்துக் கேட்க வேண்டும் என்பது 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்த விஷயம். தராமல் உத்தரவு போட்டால் மேல்முறையீட்டில் அது வலுவான வாதம்.

ஒழுங்கு நடவடிக்கையில் குற்றவியல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும் என்பதையும் மனத்தில் வையுங்கள். அதனால்தான் தேதிப் பட்டியலை இவ்வளவு வலியுறுத்துகிறேன். நீங்கள் தரும் விளக்கத்தில் திருப்தி வந்தால் குற்றச்சாட்டை அப்படியே கைவிடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

அப்புறம், செய்தி வெளியிட்ட நாளிதழுக்கு மறுப்புக் கடிதம் அனுப்பலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அனுமதியின்றிப் பத்திரிகைக்கு அலுவலக விஷயம் எழுதினால் அதற்குத் தனியாக இன்னொரு குறிப்பாணை வரும். இப்போதைக்கு நாளைக் காலை ஆவண விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். நகல்கள் கிடைத்ததும், உங்கள் ஊரில் பணி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் பதில் வரைவைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.